அத்தியாயம் 7: வழக்கறிஞரை அமர்த்துவதும் நியமனக் கடிதமும்

"லாயர் பார்த்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு நம்மில் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறோம். வழக்கறிஞர் பார்த்துக்கொள்ள வேண்டியவை உண்மையிலேயே உண்டு: சட்டம், நடைமுறை, வாதம். அவரால் பார்த்துக்கொள்ள முடியாதவையும் உண்டு. நடந்தது என்ன, உங்களுக்கு என்ன வேண்டும், எவ்வளவு செலவு தாங்கும், எந்த இடத்தில் சமரசத்துக்கு இறங்குவீர்கள் என்பவற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எது அவர் பொறுப்பு, எது உங்கள் பொறுப்பு என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்து எழுதிக்கொள்வதுதான் நியமனக் கடிதம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தைப்பிங்கையும் அதைச் சுற்றியுள்ள பழைய தோட்டப் பகுதிகளையும் சேர்ந்தவர்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது.

பாரிஸ்டரா, லாயரா?

இங்கிலாந்தில் இரண்டு வகை வழக்கறிஞர்கள் உண்டு. கட்சிக்காரர் முதலில் சொலிசிட்டரிடம் போவார். நீதிமன்றத்தில் வாதாட அவர் ஒரு பாரிஸ்டரை அமர்த்துவார். தீபகற்ப மலேசியாவில் அந்தப் பிரிவு இல்லை. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி ஒருவரே இரண்டு வேலையையும் செய்யலாம். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெறுவது இங்கே வழக்கறிஞராவதற்கான தகுதிகளில் ஒன்று. அதற்கு மேல் ஒன்பது மாதம் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழில் செய்ய முடியும். ஆகவே நீங்கள் நேராக ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய்ப் பேசலாம். நடுவில் யாரும் தேவையில்லை.

பேராக்கின் தலைநகரம் 1937-இல் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்குப் போய்விட்டாலும் இங்கே மெஜிஸ்திரேட் நீதிமன்றம், செசன்ஸ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் மூன்றும் இருக்கின்றன. சிவில் வழக்கில் 100,000 ரிங்கிட் வரை மெஜிஸ்திரேட்டும் 10 லட்சம் ரிங்கிட் வரை செசன்ஸும் விசாரிக்கும். சாலை விபத்து இழப்பீடும், வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் வழக்கும் தொகை எவ்வளவானாலும் செசன்ஸுக்குப் போகலாம்.

ஈப்போவில் வழக்கறிஞர்களாக இருந்துகொண்டு மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்திய டி.ஆர்., எஸ்.பி. சீனிவாசகம் சகோதரர்களின் பெயரைப் பேராக்கில் பெரியவர்கள் இன்றும் எடுப்பார்கள். வழக்கறிஞர் என்றால் பெரிய பெயர் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. பெயர் பெற்றவரிடம் போவதில் தவறில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: விசாரணை நாளில் அவரே எழுந்து நிற்பாரா, அலுவலகத்தில் இருக்கும் இளையவர் நிற்பாரா? இதன் பதில் நியமனக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

முதலில்: வழக்கறிஞர் தேவைதானா?

சில காரியங்களுக்கு வழக்கறிஞரே வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

• 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட கடன், பாக்கி: மெஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு. நீங்களே பாரத்தை நிரப்பி வழக்குப் போடலாம்.

• பழுதான பொருள், செய்யாத வேலைக்கு வாங்கிய பணம்: பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். இங்கும் நீங்களே பேசுவீர்கள்.

• சம்பள பாக்கி, ஓவர்டைம்: தொழிலாளர் துறை.

• நியாயமற்ற வேலை நீக்கம்: தொழில் உறவுத் துறை. முதல் கட்டம் சமரசப் பேச்சுதான். ஆனால் வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

• வேலையிடத்து விபத்து: முதலில் பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அலுவலகம்.

• உயில் எழுதாமல் இறந்தவரின் வீடு, நிலம்: மொத்தச் சொத்து 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் போகாவிட்டால் அது 'சிறு சொத்து'. 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. பங்கீட்டு மனுவை நில அலுவலகத்தின் வழியாகக் குடும்பத்தார் தாங்களே கொடுக்கலாம். தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீட்டு கிராண்டுகளில் (நில உரிமைப் பத்திரங்களில்) பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

சிறு சொத்து விஷயத்தில் வாரிசுகளுக்குள் தகராறு, போலிக் கையெழுத்து, கிராண்டில் வேறொருவர் போட்டு வைத்த கேவியட் (உரிமை மாற்றத் தடைக் குறிப்பு) போன்றவை வந்தால் மட்டும் வழக்கறிஞரைத் தேடுங்கள்.

நாள் தவறினால் வழக்கு தவறும்

எவ்வளவு திறமையான வழக்கறிஞராலும் காலம் கடந்த வழக்கை மீட்பது கடினம். கீழுள்ள நாள்களை மனத்தில் வையுங்கள்.

• சம்மன் கையில் கிடைத்தால்: 14 நாளுக்குள் நீதிமன்றத்தில் முன்னிலை தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வரலாம்.

• ஒப்பந்த மீறல், சாலை விபத்துக் காயம்: 6 ஆண்டு.

• விபத்தில் இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தின் இழப்பீடு: இறந்த நாளிலிருந்து 3 ஆண்டு.

• அரசாங்கத்தின் மேல், அரசு வாகனம் மோதியது உட்பட: 36 மாதம்.

• நிலத்தை மீட்கும் வழக்கு: 12 ஆண்டு.

• மெஜிஸ்திரேட், செசன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக: 14 நாள்.

• உயர் நீதிமன்ற சிவில் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டு நீதிமன்றம் போக: 30 நாள்.

ஒவ்வொன்றுக்கும் விதிவிலக்கும் உட்பிரிவும் உண்டு. அதனால் முதல் சந்திப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஐயா, என் வழக்குக்குக் கடைசி நாள் எது?" சொல்லும் தேதியை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆளைத் தேர்வது

யார் நல்ல லாயர் என்று உறவுக்காரர் சொல்லலாம், கோயில் தலைவர் சொல்லலாம். அது தொடக்கம் மட்டுமே. மேலும் மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

ஒன்று, அவருக்கு இந்த ஆண்டு தொழில் செய்ய அனுமதி இருக்கிறதா? வழக்கறிஞர் ஒவ்வோர் ஆண்டும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஈப்போவில் இயங்கும் பேராக் வழக்கறிஞர் குழுவிடமும் விசாரிக்கலாம்.

இரண்டு, எதிர்த்தரப்புக்காரரோடு அவருக்குத் தொடர்பு உண்டா? சிறிய ஊரில் ஒரே அலுவலகம் இரு தரப்பையும் அறிந்திருப்பது சாதாரணம். உங்களுக்கு எதிரானவர் முன்பு இவரிடமே இதே விஷயத்துக்கு வந்திருந்தால் இவரால் உங்கள் வழக்கை எடுக்க முடியாது. எதிரியின் முழுப் பெயரையும் கம்பெனியாக இருந்தால் கம்பெனிப் பெயரையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டு மேம்பாட்டாளருக்காகப் பத்திரம் எழுதும் வழக்கறிஞர் அதே வீட்டை வாங்கும் உங்களுக்கும் வழக்கறிஞராக இருக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

மூன்று, அவர் உங்களைத் தேடி வந்தாரா, நீங்கள் அவரைத் தேடிப் போனீர்களா? விபத்து நடந்த மறுநாளே மருத்துவமனைக் கட்டிலருகே "பெரிய காசு வாங்கித் தரேன் அண்ணே, இதுல மட்டும் கையெழுத்துப் போடுங்க" என்று ஒருவர் வந்து நின்றால் அவர் தரகர். தரகர் வைத்து வழக்குப் பிடிப்பது வழக்கறிஞருக்குத் தடைசெய்யப்பட்ட செயல். வெற்றுத் தாளிலோ நிரப்பாத பாரத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் தாளை வீட்டில் படித்த பிள்ளை வாசித்துக் காட்டும் வரை மேசையிலேயே இருக்கட்டும்.

வசதி இல்லாதவர்களுக்கு மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. மணமுறிவு, ஜீவனாம்சம், பிள்ளை பராமரிப்பு, வாரிசுச் சான்று போன்ற சிவில் காரியங்களுக்கு 'ஜபாத்தான் பந்துவான் குவாமான்' எனப்படும் அரசுச் சட்ட உதவித் துறை. குற்ற வழக்குக்கு மலேசியக் குடிமக்களுக்கு உதவும் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை. இவை தவிர வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையம். இவற்றில் வருமானச் சோதனை உண்டு. சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

சந்திப்புக்கு முன் எழுத வேண்டிய ஒரு பக்கம்

வழக்கறிஞருக்கு உங்கள் கதை வேண்டும். ஆனால் கோபம் வரும் வரிசையில் அல்ல, நடந்த வரிசையில். தேதி இட்டு, ஒரு வரிக்கு ஒரு சம்பவமாக எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. ஒரு கற்பனை உதாரணம்:

*2024 மார்ச் 9, சனிக்கிழமை, இரவு சுமார் 7.40. கமுந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினேன். சமிக்ஞை விளக்கில் பச்சை இருந்தது. வலப் பக்கமிருந்து ஒரு வேன் வந்து மோதியது. வேனின் எண் போலீஸ் புகாரில் உள்ளது.*

*மார்ச் 10. தம்பி மூலம் போலீஸ் புகார் கொடுத்தேன். நகல் இணைப்பு 1.*

*மார்ச் 9 முதல் 17 வரை மருத்துவமனை. இடது கால் எலும்பு முறிவு. நகல் இணைப்பு 2.*

*மார்ச் முதல் ஜூன் வரை வேலைக்குப் போகவில்லை. சம்பளச் சீட்டு இணைப்பு 3.*

*பார்த்தவர்: எதிர்க்கடைக்காரர். பேசத் தயாராக இருக்கிறார்.*

*எனக்குப் பாதகமானது: அன்று என் லைசென்ஸ் காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பின்விளக்கு எரியவில்லை.*

*எனக்கு வேண்டியது: மருத்துவச் செலவு, போன சம்பளம், காலுக்கான இழப்பீடு.*

கடைசி இரண்டு வரிகளும்தான் மிக முக்கியம். பாதகமானதை மறைத்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விசாரணையில் அதைப் பிடித்து இழுப்பார். அப்போது உங்கள் வழக்கறிஞரும் உங்களோடு சேர்ந்துதான் திகைப்பார். தொழில் முறையில் நீங்கள் அவரிடம் சொன்னதை உங்கள் சம்மதமின்றி வெளியிட 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் அவரை அனுமதிப்பதில்லை. நடந்து முடிந்த தவற்றைச் சொல்வதற்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு யோசனை கேட்டால் கிடையாது.

மூல ஆவணங்களை உங்களிடமே வைத்துக்கொண்டு நகல்களைக் கொடுங்கள். மூலத்தைக் கேட்டால், எதை எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்று எழுதிய சீட்டு வாங்குங்கள். கிராண்ட், திருமணச் சான்றிதழ் போன்றவை அலுவலகக் கோப்புகளுக்கிடையே மறைந்து போனால் மாற்று எடுக்க மாதக்கணக்காகும்.

முதல் சந்திப்பு

முதல் ஆலோசனைக்குக் கட்டணம் உண்டா என்று தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. உங்களோடு வீட்டில் ஒருவரை அழைத்துப் போங்கள். ஆனால் சாட்சி சொல்லப் போகிறவரை உள்ளே உட்கார வைக்க வேண்டாம்.

சந்திப்பில் கேட்க வேண்டியவை:

1. சட்டம் என் பக்கம் எந்த அளவுக்கு நிற்கிறது? பலவீனம் எது?
2. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் நான் எவ்வளவு கட்ட நேரிடும்?
3. வென்றால் பணம் கைக்கு வருமா? எதிரியிடம் சொத்தோ இன்சூரன்ஸோ இருக்கிறதா?
4. வழக்குப் போடாமல் ஒரு கோரிக்கைக் கடிதத்தில் முடியுமா?
5. கோப்பை நாள்தோறும் கவனிப்பவர் யார்? அவர் பெயர் என்ன?

"கண்டிப்பா ஜெயிச்சிடலாம்" என்று யாராவது உறுதி கொடுத்தால் எச்சரிக்கையாகுங்கள். நேர்மையான வழக்கறிஞர் வாய்ப்பைச் சொல்வார், முடிவைச் சொல்லமாட்டார்.

நியமனக் கடிதத்தில் இருக்க வேண்டியவை

பல அலுவலகங்கள் 'வாரண்ட் டு ஆக்ட்' என்ற ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கும். அது "எனக்காக இவர் செயல்படலாம்" என்ற அனுமதி மட்டும். வேலையின் எல்லை, கட்டணம் பற்றி அதில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. வீடு கட்டித் தருபவரிடம் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு, எத்தனை அறை என்று எழுதாமல் வருவதைப் போன்றது அது. ஆகவே அதோடு ஒரு நியமனக் கடிதமும் கேளுங்கள். கீழ்க்கண்ட எட்டு விஷயங்கள் அதில் வேண்டும்.

1. வேலை எது, எது அல்ல. "தைப்பிங் செசன்ஸ் நீதிமன்றத்தில் விபத்து இழப்பீட்டு வழக்கு, விசாரணை முடிந்து தீர்ப்பு வரை" என்று எழுத வேண்டும். மேல்முறையீடும் தீர்ப்பை அமல்படுத்துவதும் இதில் சேருமா என்பதைத் தனியாகக் குறிக்க வேண்டும். நம் மக்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். தீர்ப்பு வந்ததும் பணம் தானாக வரும் என்று நினைக்கிறார்கள். தோற்றவர் கட்டாவிட்டால் சொத்தைப் பறிமுதல் செய்யவோ வங்கிக் கணக்கை முடக்கவோ மறுபடி மனுப் போட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கப்படலாம்.

2. யார் செய்வார். பொறுப்பு வழக்கறிஞர் பெயர், விசாரணையில் வாதாடுபவர் பெயர்.

3. கட்டணம். தொகையும் அதை எந்தக் கட்டத்தில் கட்ட வேண்டும் என்பதும். கீழே விரிவாக.

4. வெளிச்செலவு. நீதிமன்றப் பதிவுக் கட்டணம், சம்மன் சேர்ப்பிக்கும் செலவு, நிலத் தேடல், போலீஸ் ஆவணம், மருத்துவ அறிக்கை, பயணம். இவை வழக்கறிஞர் கட்டணத்துக்கு மேல் வருபவை. "எதற்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டே செலவழிப்போம், ரசீது தருவோம்" என்ற வரி கேளுங்கள்.

5. சேவை வரி. பதிவு பெற்ற அலுவலகங்கள் கட்டணத்தின் மேல் சேவை வரி வாங்கும். 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. சொன்ன தொகை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள்.

6. பணம் எங்கே போகும். எதிர்த்தரப்பு கட்டும் இழப்பீடும், வீடு வாங்க நீங்கள் கொடுக்கும் பணமும் வழக்கறிஞரின் சொந்தக் கணக்கில் அல்ல, 'கிளையண்ட்ஸ் அக்கவுண்ட்' எனும் தனிக் கணக்கில் போக வேண்டும். 1990-ஆம் ஆண்டு வழக்கறிஞர் கணக்கு விதிகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. காசோலையை அலுவலகத்தின் பெயருக்கு எழுதி, அந்தக் கணக்கைக் குறிப்பிடுங்கள். கிராணியின் (எழுத்தரின்) சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம். ரொக்கமாகக் கொடுத்தால் அலுவலக முத்திரையுடன் ரசீது.

7. சமரச அதிகாரம். "எழுத்து மூலம் என் சம்மதம் இல்லாமல் எந்தத் தொகைக்கும் சமரசம் செய்ய வேண்டாம்." இந்த ஒரு வரி பல வருத்தங்களைத் தவிர்க்கும்.

8. தகவலும் பிரிவும். ஒவ்வொரு நீதிமன்ற நாளுக்குப் பிறகும் வாட்சாப்பிலோ கடிதத்திலோ என்ன நடந்தது, அடுத்த நாள் எது என்று சொல்ல வேண்டும். இடையில் பிரிந்தால் எதுவரை கட்டணம், கோப்பு எப்போது கைமாறும் என்பதும் இருக்க வேண்டும்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பல அலுவலகங்களில் தமிழ் பேசும் கிராணி இருப்பார். விளக்கியவர் பெயரையும் தேதியையும் ஓரத்தில் குறியுங்கள்.

கட்டணத்தின் வகைகள்

வீடு, நிலம் வாங்குவதற்கும் விற்பதற்கும் சட்டமே அளவுகோல் வைத்திருக்கிறது. 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த ஆணையின்படி முதல் 500,000 ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு (குறைந்தது 500 ரிங்கிட்), அடுத்த 70 லட்சத்துக்கு 1 விழுக்காடு. கமுந்திங்கில் 300,000 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய வீட்டை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் 3,750 ரிங்கிட். 8 விழுக்காடு வரி 300 ரிங்கிட். ஆக 4,050. இதற்கு மேல், மலேசியக் குடிமகன் வழக்கமாகக் கட்ட வேண்டிய பெயர் மாற்ற முத்திரை வரி 5,000 ரிங்கிட். அது வழக்கறிஞருக்குப் போவதில்லை, அரசுக்குப் போகிறது. வங்கிக் கடன் பத்திரத்துக்கு வேறு கட்டணம். மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாக வாங்கும் புதிய வீட்டுக்குக் கணக்கு மாறும்.

நீதிமன்ற வழக்குக்கு அளவுகோல் கிடையாது. பேசி முடிவு செய்ய வேண்டும். மொத்தத் தொகையாகப் பேசலாம், கட்டம் கட்டமாகப் பேசலாம், மணிக் கணக்காகவும் பேசலாம். வசதி குறைந்த குடும்பத்துக்குக் கட்டமுறைதான் வசதி: வழக்குப் பதிவுக்கு ஒரு தொகை, ஆவணப் பரிமாற்றத்துக்கு ஒன்று, விசாரணை தொடங்கும்போது ஒன்று. விசாரணை எத்தனை நாள் வரை அந்தத் தொகையில் அடங்கும், நாள் கூடினால் கூடுதல் எவ்வளவு என்பதையும் பேசிவிடுங்கள்.

"ஜெயிச்சா முப்பது பெர்சன்ட் எனக்கு, தோத்தா ஒரு வெள்ளி வேண்டாம்" என்ற பேச்சைக் கேட்டால் கைகுலுக்காதீர்கள். வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தை வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112-ஆம் பிரிவு தடை செய்கிறது. தொகையைச் சிறிதாக்கலாம், தவணையாக்கலாம், ஒரு வழக்கறிஞர் கருணையால் இலவசமாகவும் செய்யலாம். வெற்றியோடு கட்டணத்தை முடிச்சுப் போட மட்டும் கூடாது.

இன்னொரு வழக்கறிஞரை வரவழைத்தல்

இங்கிலாந்துப் பாணியில் பாரிஸ்டரை அமர்த்துவதற்கு மிக நெருக்கமானது இதுதான். உங்கள் தைப்பிங் வழக்கறிஞர் ஆவணங்களைத் தயாரிப்பார். விசாரணையிலோ புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்திலோ வாதாட, அந்தத் துறையில் தேர்ந்த ஒருவரை ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூரிலிருந்து அழைப்பார். அவரை 'கவுன்சல்' என்பார்கள். நில வழக்கு, மரண தண்டனை வரக்கூடிய குற்ற வழக்கு, மருத்துவத் தவறு வழக்கு ஆகியவற்றில் இது பயன் தரும்.

அவரை அழைக்க உங்கள் சம்மதம் வேண்டும். அவருக்கான கட்டணம் தனியா, ஏற்கெனவே பேசியதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். விசாரணைக்கு முன் ஒரு தடவையாவது அவரை நேரில் சந்திக்கக் கேளுங்கள். உங்கள் ஒரு பக்கக் குறிப்பு, ஆவணங்களின் பட்டியல், சாட்சி வாக்குமூலங்கள் அவர் கைக்குப் போய்விட்டனவா என்று உறுதிப்படுத்துங்கள். கவுன்சல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் கொடுக்கப்பட்ட கட்டுக்குள் இருப்பதை வைத்துத்தான் பேச முடியும்.

தோட்டக் குடும்பங்கள் சேர்ந்து அமர்த்தும்போது

தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால் குடும்பங்கள் சேர்ந்து ஒரே வழக்கறிஞரிடம் போவது வழக்கம். செலவு பங்கிடப்படும், பலமும் கூடும். ஆனால் இங்கே சண்டை எதிரியோடு வருவதைவிட நமக்குள்ளேயே வருவது அதிகம். இதைத் தடுக்க:

• வழக்கறிஞருக்கு உத்தரவு சொல்ல மூன்று பேரை எல்லாரும் கையெழுத்திட்டுத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்கள் தனித்தனியாகப் போன் போட்டால் வழக்கறிஞர் யார் பேச்சைக் கேட்பார்?

• ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தனித்தனி வாரண்டில் கையெழுத்திட வேண்டும். ஒருவரே எல்லாருக்கும் போடக் கூடாது.

• சமரசத் தொகையை ஏற்க எத்தனை பேரின் சம்மதம் தேவை என்று முன்கூட்டி எழுதுங்கள்.

• வசூலித்த பணத்துக்கு நோட்டுப் புத்தகம். வழக்கறிஞருக்குக் கட்டியதற்கு அலுவலக ரசீது. மாதம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டு எல்லாருக்கும் காட்டுங்கள்.

• ஒருவர் விலக விரும்பினால் அவர் கட்டிய பணம் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள்.

பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்ட குடும்பங்களில் கையெழுத்து வாங்குவதே பெரிய வேலையாகிவிடும். யார் எங்கே இருக்கிறார் என்ற பட்டியலை முதல் வாரத்திலேயே தயாரியுங்கள்.

கோயில் நிலம் பற்றிய வழக்கென்றால், பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகக் குழுத் தீர்மானம் வேண்டும். தலைவர் தனியாகப் போய் வழக்கறிஞரை அமர்த்திவிட்டு, பிறகு குழு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கட்டணம் அவர் தலையில் விழலாம்.

கைது என்றால்

போலீஸ் ஒருவரைப் பிடித்தால் கடிதம் எழுத நேரம் இருக்காது. தான் விரும்பும் வழக்கறிஞரோடு பேசும் உரிமையை அரசியலமைப்பின் 5-ஆம் விதி தருகிறது. 24 மணி நேரத்துக்குள் பிடிபட்டவரை மெஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும். குடும்பத்தார் வழக்கறிஞரிடம் நான்கு தகவல்களைக் கொடுக்க வேண்டும்: எந்தப் போலீஸ் நிலையம், எந்த நேரத்தில் பிடித்தார்கள், எந்தச் சட்டப்பிரிவு, விசாரணை அதிகாரி பெயர். அவசரத்தில் கட்டணம் பேசும்போது "இப்போதைக்கு ரிமாண்ட் (போலீஸ் காவல்) மனு மட்டும்" என்று எல்லை வையுங்கள். ஜாமீன், வழக்கு விசாரணை என்பவை அடுத்த நாள் நிதானமாகப் பேச வேண்டியவை.

வழக்கு நடக்கும்போது

நேரில் பேசியதை அன்றிரவே இரண்டு வரியில் அனுப்புங்கள்: "ஐயா, இன்று பேசியபடி எதிர்த்தரப்பு கேட்கும் ஒத்திவைப்புக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை." பிறகு யார் என்ன சொன்னார் என்ற தகராறு வராது.

சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடும்போது, உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். அந்த வாசகத்துக்குப் பொறுப்பு நீங்கள்தான். சாட்சி சொல்லும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் வழக்கறிஞரிடம் முன்னதாகச் சொல்லுங்கள். "மலாய் தெரியும்" என்று கௌரவத்துக்குச் சொல்லிவிட்டுக் கூண்டில் தடுமாறுவதால் வழக்குக்குத்தான் நஷ்டம்.

மனம் ஒத்துப்போகாவிட்டால்

வழக்கறிஞரை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. புதியவர் நீதிமன்றத்தில் மாற்ற நோட்டீஸ் பதிவு செய்வார். ஆனால் பாக்கிக் கட்டணம் இருந்தால் பழையவர் கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். விசாரணைக்கு நாள் நெருங்கிவிட்டால் மாற்றுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

கட்டணம் அதிகம் என்று தோன்றினால் விவரமான பில் கேளுங்கள். பில் கொடுத்து ஒரு மாதம் ஆகும் முன் நீதிமன்ற அனுமதி இல்லாமல் கட்டணத்துக்காக அவர் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. அந்த பில்லை உயர் நீதிமன்றப் பதிவாளர் சரிபார்க்கக் கேட்கும் வழியும் உண்டு. பணத்தைக் கையாடினார், நாள் தவறவிட்டார், இரு தரப்புக்கும் வேலை பார்த்தார் போன்ற நடத்தைக் குறைகளுக்கு வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்துக்கு எழுதலாம். நேர்மையின்மையால் பணம் இழந்தவர்களுக்கு உதவ வழக்கறிஞர் மன்றத்தில் இழப்பீட்டு நிதியும் இருக்கிறது. இந்த இடங்களிலெல்லாம் முதலில் கேட்கப்படுவது ரசீதும் நியமனக் கடிதமும்தான்.

கையெழுத்துக்கு முன் சரிபார்க்க

□ என் வழக்கின் கடைசித் தேதி எனக்குத் தெரியும்.

□ இந்த ஆண்டு தொழில் சான்றிதழ் உண்டு என்று உறுதி செய்தேன்.

□ வேலையில் எது அடங்கும், எது அடங்காது என்று எழுதியிருக்கிறது.

□ மொத்தச் செலவின் மதிப்பீடும் தோற்றால் வரும் செலவும் தெரியும்.

□ விசாரணையில் நிற்பவர் பெயர் தெரியும்.

□ என் சம்மதமில்லாமல் சமரசம் இல்லை என்ற வரி இருக்கிறது.

□ பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று தெரியும், ரசீது வாங்கினேன்.

□ கையெழுத்திட்ட கடிதத்தின் நகல் என் கையில் இருக்கிறது.

எட்டில் ஒன்று குறைந்தாலும் பேனாவை மூடிவிட்டுக் கேளுங்கள். நியாயமான வழக்கறிஞர் இந்தக் கேள்விகளைத் தொல்லையாக நினைக்கமாட்டார். தெளிவாகக் கேட்கும் கட்சிக்காரரால் அவர் வேலையும் சுலபமாகும்.